பதினொன்றும் பன்னிரண்டும்

சர்வர் செத்துப்போச்சு என்று செல்வராணி சொன்னபோது ரெங்கசாமிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே அசிங்கமாகிவிட்டது. கையிலிருந்த டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன தங்கச்சி சொல்ற?" என்று முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"காலையில வந்து சுவிட்சைப் போட்டா கருகருன்னு ஒரு சத்தம் அண்ணே. அப்புறம் ஒண்ணுமே வரல. நூத்திப்பதினாலு கண்மாய் அளந்த கணக்கும் அதுக்குள்ளதான் கெடக்கு. சார் வந்தா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

விராலிமலையில், மதுரை ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு உரக்கடைக்கு மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கண்மாய்களையும் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால்களையும் அளந்து, வரைபடம் போட்டு, கேட்கிற ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பதுதான் அங்கே வேலை. நடத்துகிறவர் ஆவூர்க்காரர் சார்லஸ். கம்ப்யூட்டரில் ஏற்றுவது செல்வராணி. வெயிலில் கோல் பிடிக்கிறவர் ரெங்கசாமி.

கோல் பிடிப்பது என்றால், ஆளைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள, எண்கள் போட்ட கோலை வாய்க்காலின் தரையில் நட்டு ஆடாமல் நிற்பது. தூரத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை வைத்து, கண்ணாடி வழியே சார்லஸ் பார்த்து எண்ணைப் படித்து டேப்லெட்டில் பதிவார். தரை தாழத் தாழ எண் கூடும். முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி முடிந்தால் அடுத்த புள்ளி. கல்குவாரியில் இருபத்தைந்து வருசம் உளி பிடித்த உடம்புக்கு இது லேசான வேலை என்றுதான் நினைத்து வந்தார். ஐம்பத்தாறு வயசு முழங்காலுக்கு எந்த வேலையும் லேசில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

நிம்மதி வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு கண்மாய்.

போன மே மாதம் ஆவாரங்கண்மாயின் வரத்து வாய்க்காலை அளந்தார்கள். மொத்தம் பதினாறு புள்ளி. பத்துவரை நல்லபடியாகப் போனது. அதற்கு மேல் சீமைக்கருவேல் அடைத்துக் கிடந்தது. உள்ளே போனால் வெளியே வர முடியாது என்கிற மாதிரி அடைப்பு. மணி மூன்று. தலைக்கு மேலே வெயில் கொதித்தது. ஏற்கெனவே ஒரு முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி, அதைப் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சார்லஸுக்கு முள்ளுக்கு மேலே கோலின் உச்சிப் பாதி மட்டும்தான் தெரியும். "பதினொண்ணு நின்னாச்சா?" என்று தூரத்திலிருந்து சத்தம் வந்தது.

ரெங்கசாமி பத்தாம் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழியில் கோலை இறக்கினார். "நின்னாச்சு சார்!"

அடுத்ததற்குக் குதிகாலால் அதே குழியை இரண்டு விரல்கடை இன்னும் நோண்டினார். எவ்வளவு தாழ்ந்தால் சந்தேகம் வராது என்று மூன்று வருசப் பழக்கத்தில் அவருக்குத் தெரியும். "பன்னண்டு நின்னாச்சு சார்!" பிறகு கரைமேட்டு வழியாகச் சுற்றிப்போய்ப் பதின்மூன்றில் நிஜமாகவே நின்றார். அன்று மாலை சார்லஸ் டேப்லெட்டைப் பார்த்து, "வாய்க்கா அருமையா எறங்கி வருது ரெங்கசாமி, கோடு போட்ட மாதிரி" என்றார். அளவு டேப்லெட்டிலிருந்து சர்வருக்குப் போனது. டேப்லெட்டில் இருந்ததை அழித்துவிட்டு அதை அடுத்த கண்மாய்க்குக் கொண்டுபோனார்கள். தாளில் எழுதுகிற வழக்கத்தை அதற்கு முந்தின வருசமே விட்டிருந்தார்கள்.

நூற்றுப்பதினாலு கண்மாயில் அவர் செய்த ஒரே கள்ளத்தனம் அதுதான். அது அந்த இரண்டு புள்ளியிலா வந்து விழவேண்டும்? ஆகஸ்டில் பிளாட் போடுகிற ஒருவர் பொக்லைனைக் கொண்டுவந்து பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் முள்ளையும் தரையையும் சேர்த்து நிரவிவிட்டார். கேட்டதற்கு, "இங்க வாய்க்கால்னு ஒண்ணு இருந்ததே இல்லை, இது மேட்டு நெலம்" என்றார். ஊரின் பழைய வரைபடத்திலும் அந்த இடம் மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். கோட்டாட்சியர் ஆபீசில் வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. அங்கே வாய்க்கால் இருந்தது என்பதற்கு மிச்சமிருந்த சாட்சி, சர்வருக்குள் இருந்த பதினொன்றும் பன்னிரண்டும்தான்.

அது செத்துப்போச்சு என்றால் யாருக்குத்தான் நிம்மதி வராது.

வெள்ளிக்கிழமையே கடையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார்கள். அவர் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த ஐந்து டிஸ்க்குகளையும் வெளியே எடுத்து மேஜையில் பரப்பினார். ஒன்று தனி. மெஷினை எழுப்புகிற லினக்ஸ் அதில்தான் இருந்தது, செத்ததும் அதுதான். மற்ற நாலும் ஒரே அச்சு. அளவெல்லாம் இருந்தது அந்த நாலில்தான், நாலுக்கும் சேதமில்லை. அவர் புது டிஸ்க்கு ஒன்று மாட்டி, லினக்ஸ் ஏற்றி, நாலையும் கைக்கு வந்தபடி திரும்பச் சொருகினார். ஏதோ தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். பிறகு, "நாலையும் சேத்துட்டேன் சார், ஆனா உள்ள ஒண்ணுமே இல்லைங்குது. டேட்டா போயிருச்சு. சென்னைக்கு அனுப்பினா பாப்பாங்க, மாசக்கணக்காவும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சார்லஸ் சார்ஜாவுக்குப் போன் போட்டார். நாலு வருசத்துக்கு முன்னால் அந்த சர்வரைக் கட்டியவன் கட்டுமாவடி உமைர். இதே ஆபீசில் இருந்து, பிறகு விசா கிடைத்துப் போனவன். அவனுக்குச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் தட்டுச் சத்தமும் இந்திக்காரர்கள் பேச்சும் கேட்டன. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார் சார்லஸ்.

அறையில் இன்னொருவரும் இருந்தார். ஆவாரங்கண்மாய்ப் பாசனக்காரர்களின் தலைவி செவந்தி. கண்மாய்க்குக் கீழே ஒன்றேகால் ஏக்கர் வைத்திருக்கிறவர். விசாரணைக்கு வரைபடம் வாங்கிப்போக வந்து, விஷயம் தெரிந்து, பெஞ்சியிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் அவித்த கடலைப் பொட்டலம்.

"வந்தவன் என்ன தட்டுனான்? கிரியேட்னு குடுத்தானா?" என்று கேட்டான் உமைர்.

"ஆமா தம்பி, அப்படித்தான் ஒரு வார்த்தை ஓடுச்சு" என்றாள் செல்வராணி.

"அடப்பாவி. இருக்கறத எழுப்புடான்னா புதுசா ஒண்ணக் கட்டிருக்கான். பார்மட் பண்ணானா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"பண்ணவான்னு கேட்டாரு. நான் போட்ட சத்தத்துல கீழ உரக்கடைக்காரரு மேல ஓடியாந்துட்டாரு."

உமைர் சிரித்தான். "அக்கா, ஒங்க தொண்டையாலதான் பொழச்சுது. அப்ப டேட்டா எங்கயும் போகல. அப்படியே இருக்கு."

ரெங்கசாமியின் நிம்மதி அதோடு போயிற்று.

"அப்ப ஏன்பா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது?" என்றார் சார்லஸ்.

"சார், நம்ம அளவு எழுதுற லெவல் புக்கு மாதிரி வச்சுக்கங்க. ஒரு நோட்டைப் பிரிச்சு, மொதப் பக்கம் ஒரு டிஸ்க்கு, ரெண்டாம் பக்கம் அடுத்த டிஸ்க்குன்னு நாலுலயும் மாத்தி மாத்திப் போட்டு வச்சிருக்கு. மூணு பக்கத்துக்கு ஒரு கூட்டுத்தொகைப் பக்கமும் உண்டு. ஒரு டிஸ்க்கு செத்தா, மத்த மூணையும் வச்சு அதுல என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிரலாம். ஒரு எண்ணு அழிஞ்சா கூட்டுத்தொகையில இருந்து கழிச்சு எடுப்பீங்கள்ல, அந்தக் கணக்குதான்."

"ரெண்டு செத்தா?" என்று கேட்டார் ரெங்கசாமி. வாய்க்குள்ளிருந்து தானாக வந்த கேள்வி.

"ரெண்டு போனா முடியாதுண்ணே. ஒரு கூட்டுத்தொகையை வச்சு ரெண்டு எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆனா இங்க ஒண்ணுமே போகல. எந்த டிஸ்க்கு மொதல்ல, எது ரெண்டாவதுங்கற வரிசை மட்டும் ஒவ்வொரு டிஸ்க்கோட தலைமாட்டுலயும் எழுதியிருக்கும். அவன் கிரியேட் குடுத்ததுல அது மட்டும் அழிஞ்சு, அவன் சொருகுன வரிசை ஏறிருச்சு. பக்கம் கலைஞ்ச நோட்டு மாதிரி ஆயிருச்சு. பழைய வரிசை தெரிஞ்சா ஒரே வரியில எழுப்பிரலாம்."

"அது ஒனக்குத் தெரியாதா?"

"நாலு வருசம் ஆச்சே சார். நாலும் ஒரே கம்பெனி, ஒரே சைஸு. ஆனா அண்ணன்தான் டிஸ்க்கு மேல சாக்பீஸ்ல எழுதுனாரே. ரெங்கசாமியண்ணே, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? அப்பதான் நீங்க எழுத்துப் பழகின புதுசு. ஏதாவது அடையாளம் போடுங்கன்னேன். அ, ஆ, இ, ஈன்னு பெருசு பெருசா எழுதிப்பிட்டு, வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் காட்டுனீங்களே."

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். செல்வராணி மூடியை நகர்த்தி எட்டிப் பார்த்தாள்.

"எழுத்து எதுவும் இல்லையே தம்பி. ஆயுத பூசைக்கு அண்ணன் எல்லாத்தையும் ஈரத்துணியால தொடைச்சுக் குங்குமம் வச்சாரு. அதுல போயிருச்சு போல. வச்சதையாவது ஒழுங்கா வச்சிருக்காரா? ஒண்ணுல பொட்டு, ஒண்ணுல கோடு, ஒண்ணுல சாருக்குப் பிடிச்ச மாதிரி சிலுவை, ஒண்ணுல வட்டம். எந்தச் சாமியும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு வச்சாரோ என்னவோ!"

சார்லஸ் கூடச் சிரித்துவிட்டார். ரெங்கசாமி சிரிக்கவில்லை.

குவாரியில் எழுத்துத் தெரிந்தவன் எவனும் கிடையாது. வெட்டிப்போட்ட கல்லை முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று பிரிக்கச் சுண்ணாம்பால் அடையாளம் வைப்பார்கள். முதலாவதுக்குப் பொட்டு. இரண்டாவதுக்குக் கோடு. மூன்றாவதுக்குப் பெருக்கல். நாலாவதுக்கு வட்டம். வட்டம் வந்தால் லாரி கிளம்பும். ஆயுத பூசையன்று சாக்பீஸ் எழுத்து துணியோடு வந்துவிட்டதைப் பார்த்துப் பதறி, குங்குமத்தைக் குழைத்து அந்தப் பழைய அடையாளத்தையே வைத்தார். எழுத்தை விட விரலுக்கு அதுதான் சீக்கிரம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதாகவும் தோன்றவில்லை.

"வரிசை தெரியலைன்னா நாலு டிஸ்க்கை இருபத்து நாலு விதமா அடுக்கலாம் சார். ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கணும். போன்ல சொல்லிச் சொல்லி இருபத்து நாலு தடவை தட்டுறது வேண்டாம். ஒரு எழுத்து தப்பாப் போனா இருக்கறதும் போயிரும். இங்க இருந்தே உள்ள வந்து பாக்க வழி வச்சிருந்தேன், அதுவும் அந்தச் செத்த டிஸ்க்குலதான் இருந்துச்சு. சித்திரையில ஊருக்கு வாரேன், அதுவரைக்கும் யாரும் தொடாம வச்சிருங்க."

"செவ்வாக்கெழமை விசாரணைப்பா."

போனில் தட்டுக் கழுவுகிற சத்தம் வந்தது.

செவந்தி பெஞ்சியிலிருந்து எழுந்து வந்தார். "சார், கம்ப்யூட்டரு எனக்கு வெளங்காது. ஆனா அளந்ததுக்கு ஆளு இருக்காருல்ல? இந்தா இந்த அண்ணன்தான் கோலப் புடிச்சாரு. அன்னைக்கு வெயில்ல வந்து நின்னாரு, நான்தான் கம்பங்கூழ் ஊத்துனேன். ரெண்டு சொம்பு குடிச்சாரு. இவரு வந்து 'நான் நின்னேன்'னு சொன்னாப் பத்தாதா?"

ரெங்கசாமி மேஜையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சித்திரை வரை யாரும் எதையும் திறக்கப்போவதில்லை. அதற்குள் விசாரணை முடிந்து அந்த நிலத்தில் வீடே எழும்பிவிடும். பதினொன்றும் பன்னிரண்டும் யாருக்கும் வேண்டாததாகிவிடும். அவர் தலை உருளாது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் அந்த இரண்டு புள்ளி மட்டுமா இருக்கிறது? மற்ற கண்மாய்களும் இருக்கின்றன. நார்த்தாமலைப் பக்கம் பாம்பு ஓடிய மதகுக்குள் இறங்கி நின்றது இருக்கிறது. காய்ச்சலோடு இடுப்பளவு சேற்றில் நின்றது இருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை "நின்னாச்சு சார்" என்று அவர் சொன்னது எல்லாம் உண்மையாக நின்றுவிட்டுச் சொன்னது. அவர் வாழ்நாளில் செய்த வேலையில் அழியாமல் நின்றது அது ஒன்றுதான். குவாரியில் உடைத்த கல்லெல்லாம் யார் யார் வீட்டு அஸ்திவாரத்துக்குள்ளோ போய்ப் புதைந்துவிட்டது. இரண்டு பொய்யை மறைக்க அத்தனை மெய்யையும் கொன்றுபோட வேண்டுமா?

"உமைரு" என்றார். "அது குங்குமமில்லப்பா. அதுதான் வரிசை."

"என்னண்ணே?"

"பொட்டு ஒண்ணு. கோடு ரெண்டு. அந்தச் சிலுவை மூணு. வட்டம் நாலு. அ-வைத் தொடைச்ச எடத்துல பொட்டு வச்சேன், ஆ-வைத் தொடைச்ச எடத்துல கோடு. மாத்தி வைக்கல."

சார்ஜாவில் யாரோ விசில் அடித்தார்கள். உமைர்தான் போல.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. திரையில் நாலு டிஸ்க்குக்கும் நாலு நீள எண் வந்தது. அதே எண் ஒவ்வொரு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலும் பொடியாக அச்சடித்திருந்தது. ரெங்கசாமி டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் குனிந்து, கடைசி நாலு எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். "பொட்டு: ஏழு, சைபரு, மூணு, ஒம்பது. கோடு: ரெண்டு, ரெண்டு, எட்டு, ஒண்ணு." செல்வராணி எழுதிக்கொண்டாள். எந்த எண் திரையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று சேர்த்துப் பார்த்து, உமைர் சொல்லச் சொல்ல ஒரு நீள வரியைத் தட்டினாள்.

"கடைசியில ஒரு சொல்லு சேக்கணும்க்கா. 'எல்லாம் சரியா இருக்குன்னே எடுத்துக்க, நீயா எதையும் திருத்தாத'ன்னு அர்த்தம். அதை விட்டுறாதீங்க. இப்ப வரியைப் பூரா எழுத்தெழுத்தாப் படிங்க. அண்ணே, நீங்களும் சீட்டைப் பாத்து ஒருவாட்டிச் சரிபாருங்க."

மூன்று தடவை படித்தார்கள். சார்லஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். செவந்தி கடலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தட்டுங்க."

தட்டினாள். "இப்பப் படிக்க மட்டும் தெறங்க. எழுதறதுக்குத் தெறக்காதீங்க" என்றான் உமைர். இன்னொரு வரி. ஒரு நொடி திரை அப்படியே நின்றது. பிறகு ஊர் ஊராக இறங்க ஆரம்பித்தது. அன்னவாசல், இலுப்பூர், கீரனூர், நார்த்தாமலை. செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போனில் உமைர், "அல்ஹம்துலில்லாஹ். மொதல்ல அம்புட்டையும் வேற டிஸ்க்குல காப்பி எடுங்க, அப்புறம் சந்தோசப்படுங்க. எனக்கு மணியடிச்சிருச்சு, போறேன்" என்று வைத்துவிட்டான்.

காப்பி ஓடும்போதே சார்லஸ் ஆவாரங்கண்மாயைத் திறக்கச் சொன்னார். வரைபடத்தில் நீலக் கோடு பத்திலிருந்து பதின்மூன்றுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தார். "செவந்தியம்மா, இங்க பாருங்க. பதினொண்ணு, பன்னண்டு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மேட்டு நெலமாம், மேட்டு நெலம்!"

"சார்" என்றார் ரெங்கசாமி. "அந்த ரெண்டும் நான் நிக்கல."

சார்லஸுக்கு முதலில் புரியவில்லை. சிரித்த முகத்தோடேயே திரும்பினார்.

"முள்ளுக்குள்ள போக முடியல சார். பத்துக்குப் பக்கத்துலயே குழியில வச்சு நோண்டி நோண்டிக் காட்டுனேன். அங்க உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நான் கண்ணாடியில பாத்தேனேய்யா."

"கோலத்தான் சார் பாத்தீங்க. காலப் பாக்கல."

கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் தொப்பு தொப்பென்று கேட்டது. சார்லஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று ரெங்கசாமி காத்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

செவந்திதான் பேசினார். "இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்க பக்கம் ஜெயிச்சிருக்கும்ல?"

"ஜெயிச்சிருக்கும் தாயி."

"அங்க வாய்க்கா இருந்துச்சு. நான் சின்னப் புள்ளையில அதுல நண்டு புடிச்சிருக்கேன். நீங்க காட்டுனது பொய்யின்னாலும் வாய்க்கா பொய்யில்ல. அப்புறம் என்னத்துக்குச் சொன்னீங்க?"

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். நான் நின்னதாச் சொன்னதுதான் பொய்" என்றார் ரெங்கசாமி.

"ஊத்துன கூழு ஒடம்புல ஒட்டலையாக்கும்" என்றார் செவந்தி. கடலைப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். போகும்போது "வாரேன்" என்று சார்லஸிடம் சொன்னார். ரெங்கசாமியிடம் சொல்லவில்லை.

சார்லஸ் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "செல்வராணி, அந்த ரெண்டையும் எடுத்துரும்மா" என்றார்.

"வேற எண்ணு போடவா சார்? பத்தையும் பதிமூணையும் வச்சு நடுவுல ஒரு கணக்குப் போட்டு..."

"வேணாம். அளக்கலைன்னு போடு." பிறகு ரெங்கசாமியைப் பார்க்காமலேயே, "நடந்ததை நீயே ஒரு தாள்ல எழுதிக் குடு. இதோட சேத்து வைக்கணும்" என்றார்.

ரெங்கசாமி எழுதினார். ஒன்பது வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. செல்வராணி எட்டிப் பார்த்து, எங்கெங்கே தப்பு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டாள். வீட்டுக்குப் போகும்போது யாரும் நாளைக்கு வாங்க என்றும் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்க மழை. ஐப்பசி மழைக்கே உரிய விடாத தூறலும் இடையிடையே கொட்டுவதுமாக. ரெங்கசாமி பஞ்சாயத்தில் கட்டிக்கொடுத்த தன் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். வேறு வேலை தேட வேண்டும் என்று யோசித்தார். குவாரியில் இனி யாரும் சேர்க்கமாட்டார்கள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு சார்லஸ் பைக் வாசலில் வந்து நின்றது. பின்னால் கருவிப் பெட்டியும் மடித்த கோலும் கட்டியிருந்தன. "ஏறு" என்றார்.

"எங்க சார்?"

"செவந்தியம்மா போன் பண்ணாங்க. மழையில பொக்லைன் போட்ட மண்ணு அமுங்கியிருக்காம். நல்ல தரை அப்படியே நிக்குது, ரொப்புன எடம் மட்டும் நீளமா எறங்கித் தண்ணி கட்டி நிக்குதாம். வந்து அளங்கன்னாங்க." கிக்கரை உதைத்தார். "அந்த ஆளையும் கூட்டியாங்கன்னாங்க."

அண்ணன் என்பது அந்த ஆள் ஆகியிருந்தது. ஆனாலும் கூட்டியாரச் சொல்லியிருக்கிறார். ரெங்கசாமி கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினார்.

இடம் அடையாளம் தெரியவில்லை. மே மாதம் அவரை மறித்த முள்ளில் ஒரு குச்சி கூட இல்லை. மொட்டைத் தரை. வேலி இன்னும் போடவில்லை. அதன் நடுவே, பத்தாம் புள்ளியிலிருந்து பதின்மூன்றாம் புள்ளியைப் பார்த்து, இரண்டு மாட்டுவண்டி அகலத்தில் ஒரு பள்ளம் செம்மண் தண்ணியோடு கிடந்தது. லேசாக வளைந்து வளைந்து. பிளாட்டுக்குக் கோடு போடுகிறவன் எவனும் அப்படி வளைத்துப் போடமாட்டான்.

"இது மே மாசத்து அளவு ஆகாது. அது போனது போனதுதான்" என்றார் சார்லஸ், ஸ்டாண்டின் காலை ஊன்றிக்கொண்டே. "இன்னைய தேதி போட்டு, இன்னைக்கு இப்படி இருக்குன்னு குடுப்போம். அந்த ரெண்டு கட்டமும் காலியாவே இருக்கட்டும். ஒன் தாளும் கூட இருக்கும். ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அவங்க பாடு."

ரெங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். டேப்பைப் பிடித்து முப்பது மீட்டர் வந்தார். குளிர்ந்த சேறு முழங்காலுக்குக் கீழே வரை ஏறியது. கோலை நட்டு, இரண்டு கையாலும் அணைத்து நிறுத்தினார். மே மாதம் இந்த இடத்துக்கு வர எத்தனை எட்டு வைத்திருக்க வேண்டும் என்று மனம் எண்ணியது. அப்போதும் இதே முப்பது மீட்டர்தான்.

தண்ணீர் சலசலத்தது. செவந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு, கோலின் அடி எங்கே ஊன்றியிருக்கிறது என்று தடவிப் பார்த்தார்.

தூரத்தில், குடைக்குக் கீழே, சார்லஸ் கருவியின் கண்ணாடியில் கண்ணை வைத்தார். "பதினொண்ணு நின்னாச்சா?"

ரெங்கசாமி வாயைத் திறந்தார். அதற்குள் செவந்தி நிமிர்ந்து கையை உதறிக்கொண்டு கத்தினார்.

"நின்னிருக்காரு சார். எழுதிக்கங்க!"